குளித்த ஈரம் காய்வதற்குள்

அன்புள்ள கண்ணா,

நேற்று வீடியோ காலில் நீ தம்ளரைத் தூக்கிக் குடித்தபோது உன் விரல் முட்டிகளைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டாய். "பனிக்காலம்மா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினாய். நானும் அப்போது விட்டுவிட்டேன். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. முட்டிக்கு முட்டி கோடு கோடாக வெடித்திருந்தது. ஒன்றில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் நாலு தடவை உன் கை மேசைக்கடியில் காலைச் சொறியப் போனது. அதையும் பார்த்தேன்.

எல்லாருக்கும் இந்த அளவுக்கு ஆவதில்லை, கண்ணா. உனக்கு ஆகும், எனக்கு ஆகும். உன் உள்ளங்கையை விரித்துப் பார். மற்றவர்கள் கையைவிட ரேகைகள் நெருக்கமாக, மெல்லிசாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடும். என் கையும் அச்சு அசலாக அப்படித்தான். மேல்கையின் பின்பக்கம் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருக்கிறதே, அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான். உனக்கு மூன்று வயதில் முழங்கை மடிப்பும் முழங்கால் பின்மடிப்பும் சிவந்து, அரித்து, நீர் கசிந்தபோது ஒரு தோல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் உன் கையைப் பார்த்துவிட்டு என் கையையும் நீட்டச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இரண்டு பேருக்கும் பிறவியிலேயே வறண்ட தோல்" என்றார்.

அதைப் பற்றி நான் பின்னாளில் நிறையப் படித்தேன். தோலின் மேலடுக்கில் ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது சிதைந்துதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உண்டாகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் குறை இருந்தால் தோல் செதில் செதிலாக வறளும், எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல்நோய் எளிதில் வரும் என்று 2006ல் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கையில் ரேகை கூடுதலாக இருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. நம் இரண்டு பேருக்கும் மரபணுச் சோதனை எதுவும் செய்து பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த தோலைத்தான் நீ சுமக்கிறாய். இந்தத் தோலோடு உன்னைவிட முப்பது பனிக்காலம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ குழந்தையாக இருந்தபோது, குளிருகிறதே என்று, தோல் சிவக்கும் அளவுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவேன். நுரை பொங்கப் பொங்க உடம்பு முழுக்கச் சோப்பு. முரட்டுத் துண்டால் அழுந்தத் துவட்டிச் சட்டை போட்டு, சாப்பாடு ஊட்டி, தூங்கவைக்கும்போதுதான் கிரீமை எடுப்பேன். நல்ல கிரீம்தான், நிறையத்தான் பூசினேன். இருந்தும் விடிந்தால் கால் வெள்ளை பூத்துக் கிடக்கும். விதவிதமாக வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவர் எந்தக் கிரீம் என்று கேட்கவே இல்லை. "எப்போது பூசுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி தூங்கும்போது என்றேன். "குளித்த ஈரம் காய்வதற்குள் பூசுங்கள், மூன்று நிமிடத்துக்குள்" என்றார். பத்தே நாளில் உன் கால் மாறியது. முந்தைய இரண்டு பனிக்காலமும் நீ இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழுதது என் கை வேலையால் என்பது இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1952ல் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர், காய்த்துப்போன தோல் துண்டுகளை எடுத்து நன்றாக உலர்த்தினார். அவை சுள்ளி மாதிரி விறைத்துவிட்டன. எண்ணெய்ப் பொருள்களில் போட்டு வைத்தும் விறைப்பு போகவில்லை. தண்ணீர் ஏறிய பிறகுதான் மெத்தென்று வளைந்தன. தோலை இளக்குவது தண்ணீர். எண்ணெயும் வாசலினும் அந்தத் தண்ணீர் பறந்துவிடாமல் மேலே போடுகிற மூடி. காலிப் பாத்திரத்தை மூடி வைத்து என்ன பயன்? காய்ந்த தோலில் நான் பூசிக்கொண்டிருந்தது அப்படித்தான்.

பனிக்காலத்தில் தண்ணீர் பறப்பது ஏன் கூடுகிறது என்றும் தெரிந்துகொள். குளிர்ந்த காற்றால் ஈரத்தை அதிகம் தாங்க முடியாது. பூஜ்யம் டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 5 கிராம் தண்ணீர்கூட நிற்காது. 20 டிகிரியில் 17 கிராம் வரை நிற்கும். வெளியே இருக்கும் அந்தக் குளிர்காற்று அறைக்குள் வந்து ஹீட்டரில் சூடாகும்போது அதிலுள்ள ஈரம் அதே 5 கிராமுக்குள்தான். தாகம் மட்டும் கூடிவிடுகிறது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தத் தாகத்தை உன் தோலிலிருந்து உறிஞ்சித் தீர்த்துக்கொள்கிறது. பனியில் நடப்பதால் மட்டுமே தோல் வெடிக்கிறது என்று நினைக்காதே. நீ கதகதப்பாக உட்கார்ந்திருக்கும் அறைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ஆகவே குளியலில் இருந்து தொடங்கு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குளிருக்கு வெந்நீர் எவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிக்கிற காலில் சுடச்சுட ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சொர்க்கமாகக்கூட இருக்கும். ஆனால் செல்களுக்கு நடுவே சுவர்ப்பூச்சு போல இருக்கிற கொழுப்பை அந்தச் சூடு கரைத்து எடுத்துவிடும். அரை மணி நேரம் கழித்து அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம், அதற்குள் வெளியே வந்துவிடு. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 5க்குப் பக்கத்தில். சாதாரணச் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். கைக்கும் காலுக்கும் தினமும் அதைத் தேய்க்க அங்கே என்ன அழுக்கு சேர்ந்துவிடப்போகிறது? சோப்புச் சேராத கிளென்சர் கிடைத்தால் இன்னும் நல்லது. நார் போட்டுத் தேய்ப்பதை இந்தச் சில மாதங்களுக்கு விட்டுவிடு.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. தோல் முழுக்கக் காயக் கூடாது, கொஞ்சம் ஈரம் ஒட்டியிருக்கட்டும். கிரீம் டப்பாவைக் குளியலறைக்குள்ளேயே வை, அங்கே நின்றபடியே பூசு. படுக்கையறையில் வைத்தால் போய் எடுப்பதற்குள் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் போன் வந்து மறந்துவிடும். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவு. எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் ரோமக்கால்களில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும், நீ பத்தாவது படிக்கும்போது வந்ததே, அந்த மாதிரி.

எதைப் பூசுவது என்று நீ கேட்பாய். லோஷனில் தண்ணீர்தான் பெரும்பங்கு. பூசச் சுகமாக இருக்கும், ஆனால் நம் தோலுக்குப் போதாது. டப்பாவில் வருகிற கெட்டியான கிரீமாகப் பார். லேபிளில் கிளிசரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி ஆகிய பெயர்கள் இருக்கிறதா என்று படி. கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், செராமைடு சுவர்ப்பூச்சின் விரிசலை அடைக்கும், ஜெல்லி மேலே மூடும். குதிகாலுக்கு மட்டும் யூரியா 10 சதவீதம் சேர்ந்தது வாங்கு. வெடித்திருக்கும் விரலில் அதை வைத்துவிடாதே, காந்தும். வாசனை விஷயத்தில் ஏமாந்துவிடாதே. 'அன்சென்டட்', அதாவது வாடை தெரியாதது, என்று போட்டிருப்பதில் மற்ற வாடையை மறைக்கவே ஏதாவது வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனைப் பொருளே சேராதது, என்று இருப்பதுதான் உனக்கு வேண்டும்.

அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய ஆளுக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச ஏறத்தாழ 30 கிராம் ஆகும். அன்றைக்கு நீ காட்டினாயே 50 கிராம் டியூப், மூன்று மாதமாக அதே டியூபா? அதை நினைத்தால்தான் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆண்பிள்ளை கிரீம் பூசுவதா என்ற கூச்சம் உன்னிடம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. அழகுக்காகச் சொல்லவில்லை. வெடித்த தோல் கிருமிக்குத் திறந்து வைத்த வாசல்.

கைக்கு வருகிறேன். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. நாள் முழுவதும் கழுவுவதும் அதைத்தான். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் துடைத்த கையோடு கொஞ்சம் கிரீம், விரலிடுக்கிலும் முட்டியிலும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவு, அதனடியில் சோப்புத் தங்கி அங்கேதான் முதலில் புண்ணாகும். பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. கையில் அழுக்கு இல்லாதபோது ஆல்கஹால் சானிடைசர் சோப்பைவிடத் தோலுக்குக் குறைந்த கெடுதல்தான். வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால் ஆறும் வரை வேண்டாம். இரவில் படுக்கும்முன் கையைக் கொஞ்சம் நனைத்து ஒற்றிவிட்டு, வெடிப்புக்குள் போகும்படி வாசலினைத் தடிமனாக வைத்துப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கு. நான் வேலைக்குப் போன காலத்தில் எத்தனையோ பனிக்காலம் அப்படித் தூங்கியிருக்கிறேன். மூன்று நாளில் இழுவை குறையும், ஒரு வாரத்தில் வெடிப்பு மூடும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தட்டாதே. வாசலின் மாதிரியான பொருள்கள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கம் போகாதே, ஹீட்டர் மேல் காயப் போடாதே.

அறையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வை. 30க்கும் 50க்கும் நடுவில் இருக்கட்டும். அறைக்காற்றில் ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் வாங்கினால் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவு, இல்லாவிட்டால் பூஞ்சையைத்தான் சுவாசிப்பாய். 50க்கு மேலே ஏற்றினால் சுவரில் பூஞ்சை வரக்கூடும். கம்பளிச் சட்டை நேராக உடம்பில் படக் கூடாது, உள்ளே பருத்திச் சட்டை போடு. உதட்டை நக்கும் பழக்கம் உனக்கு இன்னும் இருக்கிறது, நேற்றும் பார்த்தேன். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். தண்ணீர் குடம் குடமாகக் குடித்தால் தோல் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னதாகச் சொன்னாய். தாகத்துக்குக் குடி. அதற்குமேல் குடிப்பதால் மேல்தோலின் வறட்சி தீராது.

அரிக்கும்போது சொறியாதே என்று சொல்வது சுலபம், என்னாலேயே முடிந்ததில்லை. குளிர்ந்த ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்து, பிறகு கிரீம் பூசு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அடங்காவிட்டால் மருத்துவரைப் பார். மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால், சீழ் வந்தால், சுற்றிலும் சிவந்து சுட்டால், இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரித்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதே. காசு வட்டத்தில் திட்டு வந்தால் அது ஒரு வகை எக்ஸிமாவாகவும் இருக்கலாம், படர்தாமரையாகவும் இருக்கலாம். நீயாக மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதே. படர்தாமரையாக இருந்தால் முதலில் அடங்கியது போலக் காட்டிவிட்டு உள்ளே பரவும். எப்போதும் சோர்வாக இருக்கிறது, குளிர் தாங்கவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாய். வறட்சியோடு இதுவும் சேர்ந்தால் தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதை இந்த வாரமே செய்துகொள்.

பருத்திக் கையுறை ஆறு ஜோடி தைத்து வைத்திருக்கிறேன். உன் கை அளவு எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு காகிதத்தில் கையை வைத்து வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முட்டியைக் காமிரா பக்கம் திருப்பிக் காட்டு, முழங்கை மடிப்பையும் காட்டு.

அன்புடன்,
அம்மா