முருகன் படத்துக்குப் பின்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நடவு முடிந்தது. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நாலு நாளாக மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி.

வியாழக்கிழமை நான் சொசைட்டிக்கு உரம் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார். ஈரோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து உன் பேருக்குச் சம்மன். இன்னொரு பிரதியின் பின்பக்கம் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். மாவு அரைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். நான் வந்து பார்க்கும்போது காகிதம் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது, ஓரத்தில் அவள் கட்டைவிரல் மாவு காய்ந்துபோய். என்ன கேஸ் என்று அவள் கேட்கவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடறானான்னு கேளுங்க" என்றாள்.

138ஆம் பிரிவு என்று போட்டிருந்தது. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிய விஷயம். எவ்வளவு, யாருக்கு என்று நான் கேட்கப்போவதில்லை. முப்பது மெஷின் ஓட்டுகிறவனுக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும். நம் தெருவில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பிள்ளை நீ ஒருத்தன்தான், அதை நான் சொல்லாத இடமில்லை. ஆனால் முதலில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும், பதினைந்து நாள் தவணை இருந்திருக்கும். அப்போதாவது அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா?

கும்பகோணம் வக்கீலிடம் காட்டினேன். அம்மா வாங்கியதுதானே, நான் அங்கே குடியில்லையே என்று சும்மா இருந்துவிடாதே. முன்பெல்லாம் ஆள் இல்லாவிட்டால் வீட்டு ஆம்பளை கையெழுத்துதான் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தில், அந்த ஆளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற குடும்பத்தாரில் வயது வந்தவர் யார் வாங்கினாலும் செல்லும், பெண்பிள்ளை ஆனாலும். வாய்தா 19ஆம் தேதி. அன்றைக்குப் போய்விடு. போகாவிட்டால் வாரண்ட் போடுவார்கள், அதற்கும் போகாவிட்டால் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட். ராத்திரி கதவைத் தட்டுவார்கள், மருமகளும் குழந்தையும் அதைப் பார்க்க வேண்டாம். பிறகு தலைமறைவு என்று அறிவித்துச் சொத்தை ஜப்தி செய்யவும் வழி இருக்கிறதாம். செக்குக்கு வரும் தண்டனை போக, சம்மனுக்கு வராததற்கே ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

போனால் அவ்வளவு பயம் இல்லை, தம்பி. இது ஜாமீன் கிடைக்கிற கேஸ். முதல் நாள் நேரில் நின்றுவிட்டால், அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா நீ அலையாமல் இருக்க வக்கீல் மனு போட்டுப் பார்ப்பார். பணத்தைக் கட்டிச் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. 19ஆம் தேதி போய்விடு.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு நாளாக யோசித்தேன். வாய்க்கால்கரை ஆறு மா நிலத்தை உன் காலேஜ் பீஸுக்காக விற்றோம் என்றுதானே உனக்குத் தெரியும். அது பொய். சிநேகிதன் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் கட்டவில்லை. என்மேலும் கேஸ் போட்டார்கள். கோர்ட் ஊழியர் அமீனா சம்மனைக் கொண்டுவந்து நீட்டினார், நான் கை நீட்டவில்லை. வாங்காவிட்டால் கேஸே இல்லை என்று நினைத்தேன். அவர் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அம்மா கோயிலிலிருந்து வருவதற்குள் தண்ணீர் தொட்டுச் சுரண்டிக் கிழித்தேன். கதவில் பசைத் தடம் போகவே இல்லை. அந்த வருஷம் பொங்கலுக்குப் பச்சை பெயின்ட் அடித்தது அதற்காகத்தான்.

கோர்ட்டில் என் பேரை மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள். நான் இங்கே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நான் வராமலேயே எக்ஸ்பார்ட்டி என்று ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டது. 30 நாளுக்குள் மனு போட்டு அதை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். அதையும் விட்டேன். நிலம் ஏலத்தில் போனது. போய் நின்றிருந்தால் தவணையாவது கேட்டிருப்பேன்.

அம்மாவிடமும் உன் படிப்புக்கு என்றுதான் சொன்னேன். நீ முதல் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பும்போதும் வாயைத் திறக்கவில்லை. "நிலத்தைத் திருப்பி வாங்கித் தரேம்ப்பா" என்று போன தீபாவளிக்குச் சொன்னாயே. அதற்காகத்தான் கடன் வாங்கி மெஷின் போட்டாயோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை, தம்பி. அம்மாவிடம் இன்று ராத்திரி நானே சொல்லிவிடுகிறேன்.

18ஆம் தேதியே நான் ஈரோடு வந்துவிடுவேன். சம்மன் என்னிடம் இருக்கிறது. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கோர்ட் வாசலில் நிற்பேன். ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வா. சாப்பிட்டுவிட்டு வா.

அப்பா