டெவர்ஸ் வேறு, பெட்ஸ் வேறு

ஃப்ரேமிங்ஹாம்,
நவம்பர் 2025

அன்புள்ள அருண்,

நம் பாஸ்டன் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸைப் பற்றி நீ எழுதியதை அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். "பெட்ஸை விற்றார்கள், டெவர்ஸை விற்றார்கள், நாளைக்கு ரோமன் ஆந்தனியையும் விற்பார்கள். எனக்கு இனி ரெட் சாக்ஸ் வேண்டாம்மா" என்று முடித்திருந்தாய். சான் பிரான்சிஸ்கோவில் இருந்துகொண்டு, டெவர்ஸ் அந்த ஊர் ஜயண்ட்ஸ் அணியின் சட்டையில் இறங்குவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். நீ எந்த அணியைப் பிடித்துக்கொள்வது என்பதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பெட்ஸையும் டெவர்ஸையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டாய். அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெட்ஸ் போனது பணத்தால், வேறு எதனாலும் இல்லை. அவன் இப்போது ஆடுகிற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் இந்த வருடமும் கோப்பை வாங்கிய செய்தியைப் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து மாமா போன் செய்தார். "அந்தப் பெட்ஸ் முன்னாடி உங்க ஊர்ப் பையன்தானே, ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர், அதனால் முதலிலிருந்தே சொன்னேன். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு கோடு போட்டிருக்கிறது. தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீத வரி. அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாவது வருடம் 50. பாஸ்டன் 2018-லும் 2019-லும் தாண்டியது. 2020-க்கு அந்தக் கோடு 20 கோடியே 80 லட்சம் டாலர். பெட்ஸின் சம்பளம் மட்டும் 2 கோடியே 70 லட்சம். அந்தப் பிப்ரவரியில் அவனையும் டேவிட் பிரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிவிட்டு வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் மூவரையும் வாங்கிக்கொண்டார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வரி கட்டறதுக்காக வீட்டையே வித்த மாதிரி இருக்கே" என்றார்.

அப்பா இன்னும், அப்போது ஆட்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த சைம் ப்ளூம் பக்கம்தான் பேசுவார். சீசன் முடிந்தால் பெட்ஸ் எப்படியும் விலகியிருப்பான், சும்மா போவதைவிட மூன்று பேர் கிடைத்தது லாபம் என்பார். ஆனால் அவன் அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸுடன் 12 வருடத்துக்கு 36 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டான். சரியான தொகை கொடுத்தால் தங்குகிறவன்தான். நம் ஃபென்வே மைதானத்து டிக்கெட்டுக்கு ரசிகன் கொடுக்கும் விலையைப் பார்த்தால், பாஸ்டனால் அது முடியாத தொகை என்று யாரும் சொல்ல முடியாது. டவுன்ஸை 2022-லேயே விட்டுவிட்டார்கள். வெர்டூகோவை 2023-ல் பரம எதிரியான யாங்கீஸுக்கே அனுப்பினார்கள். வாங் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பக்கம் பெட்ஸ் 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை வாங்கிவிட்டான்.

நட்சத்திரத்தை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004 ஜூலை 31-ம் தேதி நோமார் கார்சியாபாராவைச் சிகாகோவுக்கு அனுப்பியபோது இந்த ஊரே துக்கம் விசாரித்தது. நீ 5-ம் எண் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாய். அன்று அணியைக் கட்டிய தியோ எப்ஸ்டைனுக்குத் தேவைப்பட்டது நல்ல தடுப்பு. கேப்ரேராவும் மின்கேவிச்சும் வந்தார்கள், பேஸ்களைச் சுற்றியுள்ள உள்வட்டம் கட்டுக்குள் வந்தது. மூன்று மாதத்தில் கோப்பைக்கான 86 வருடக் காத்திருப்பு முடிந்தது. அணிக்கு என்ன குறை, வருகிறவன் அந்தக் குறையைத் தீர்ப்பானா என்று கேட்டுச் செய்த மாற்றம் அது. பெட்ஸ் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. உலகத்திலேயே சிறந்த வலது ஃபீல்டர் அணிக்கு என்ன குறை வைத்தான்?

இப்போது டெவர்ஸுக்கு வருகிறேன். இதில் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017 ஆகஸ்ட்டில் யாங்கீ ஸ்டேடியத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் ஞாபகம் இருக்கிறதா? யாங்கீஸ் பிட்ச்சர் சாப்மன் போட்ட பந்து மணிக்கு 103 மைல் வேகம். இருபது வயதுப் பையன், இடதுகை ஆட்டக்காரன், அதை எதிர்ப்பக்கமாக, இடது ஃபீல்டைத் தாண்டி அனுப்பினான். நீ சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாய். டொமினிக்கன் குடியரசிலிருந்து பதினாறு வயதில் கூட்டிவந்து இவர்களே வளர்த்த பிள்ளை. பெட்ஸும் போய், 2022 டிசம்பரில் போகார்ட்ஸும் சான் டியேகோவுக்குப் போன பிறகு, "இவனையாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஊரே கேட்டது. 2023 ஜனவரியில் 10 வருடத்துக்கு 31 கோடியே 35 லட்சம் கொடுத்தார்கள். ஆக, டெவர்ஸ் விஷயத்தில் காசுக்குப் பஞ்சமே இல்லை.

அவன் சொன்னது, மூன்றாம் பேஸில் நிற்கும் இடம் உனக்குத்தான் என்று கையெழுத்தின்போது வாக்குக் கொடுத்தார்கள் என்பது. அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர் ப்ளூம். அதே வருடம் செப்டம்பரில் அவரை நீக்கிவிட்டு கிரெய்க் பிரெஸ்லோவைக் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே மூன்றாம் பேஸில் ஆடுகிற பிரெக்மனை எடுத்தபோது டெவர்ஸிடம் முன்கூட்டி உட்கார்ந்து பேசினார்களா? பயிற்சி முகாமுக்கு வந்த அன்று "என் இடம் மூன்றாம் பேஸ்தான்" என்று அவன் எல்லார் முன்னாலும் சொன்னதைப் பார்த்தால், யாரும் சரியாகப் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. க்ளவுஸை எடுத்து வை, பேட் மட்டும் பிடி என்றார்கள். மனக்கசப்போடு ஏற்றுக்கொண்டான். மே மாதம் முதல் பேஸில் நின்ற காசாஸுக்கு முழங்கால் போனதும், இப்போது முதல் பேஸில் நில் என்றார்கள். முடியாது என்றான். உரிமையாளர் ஜான் ஹென்றியே, அணி ஆடிக்கொண்டிருந்த கான்சாஸ் சிட்டிக்குப் பறந்து போய்ப் பேச வேண்டியதாயிற்று. ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை, ஃபென்வேயில் யாங்கீஸை மூன்றாவது நாளும் தோற்கடித்து, டெவர்ஸ் ஒரு ஹோம்ரனும் அடித்து, ஊர் சந்தோஷமாக இருந்த அதே சாயங்காலம் அவனை உங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

டெவர்ஸ் பக்கம் தப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. முதல் பேஸ் கேட்டபோது அவன் நின்றிருக்க வேண்டும். பெட்ஸைப் பார்: முப்பது வயதைத் தாண்டி, வலது ஃபீல்டிலிருந்து வந்து, ஷார்ட்ஸ்டாப் கற்றுக்கொண்டு ஒரு முழு சீசன் ஆடினான். டெவர்ஸும் சான் பிரான்சிஸ்கோ போனதும் ஜூலையில் முதல் பேஸில் நின்றானே, நீயே பார்த்தாய். அதைப் பார்த்துத்தான் இங்கே பாதிப்பேர் "நமக்கு மட்டும் மாட்டேன் என்றான்" என்று திட்டுகிறார்கள். எனக்கு வருகிற கேள்வி வேறு. அங்கே செய்தவன் இங்கே ஏன் மறுத்தான்? கேட்ட விதத்தில் ஏதோ இல்லாமல் அவனுக்கு அவ்வளவு வீம்பு வந்திருக்காது. இரண்டு அணிக்குமாகச் சேர்த்து இந்த வருடம் 163 ஆட்டம் ஆடியிருக்கிறான், ஒரு அணியின் சீசனே 162 ஆட்டம்தான். 35 ஹோம்ரன். அணிக்காக உழைக்காதவன் என்று இவனைச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்பா இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். டெவர்ஸ் போன அன்று 37 வெற்றி, 36 தோல்வி, முடிக்கும்போது 89-73. ஜூலையில் வரிசையாகப் பத்து வெற்றி. அவன் இல்லாமலேயே பிளே ஆஃப் வந்தோமே என்கிறார். வந்தோம்தான். யாங்கீ ஸ்டேடியத்தில் முதல் ஆட்டத்தில் நம் பிட்ச்சர் கிராஷே போட்டதைப் பார்த்தாய் அல்லவா? அவர்களுடைய வோல்பி ஒரு ஹோம்ரன் அடித்தபிறகு வரிசையாகப் பதினேழு பேரை வெளியேற்றினான். அப்படி ஒரு பிட்ச்சிங்குக்குப் பிறகும் தொடரைத் தோற்றோம். மூன்று ஆட்டத்தில் மொத்தம் ஆறு ரன், கடைசி ஆட்டத்தில் பூஜ்யம். ஆந்தனிக்கும் காயம். நடுவில் நின்று அடிக்க ஒரு ஆள் இல்லை என்பது என்னைப் போல வீட்டிலிருந்து பார்க்கிறவளுக்கே தெரிந்தது.

டெவர்ஸைக் கொடுத்ததற்கு என்ன வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஹிக்ஸ் வந்தான், நம்பி பந்தைக் கொடுக்க முடியவில்லை. டிப்ஸை, டஸ்டின் மே என்ற பிட்ச்சருக்காக அடுத்த மாதமே டாட்ஜர்ஸிடம் கொடுத்தாயிற்று. ஹாரிசனை, நம் கீழ்மட்ட அணி ஆடுகிற வுஸ்டருக்கு அனுப்பினார்கள். அங்கே போலார் பார்க்கில் அவன் போட்டதை நேரில் போய்ப் பார்த்தேன். தோளைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து இடதுகையால் விடுகிற பந்து, பேட்டருக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியவில்லை. அந்தப் பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் டெவர்ஸின் மீதிச் சம்பளம் 25 கோடி டாலருக்கு மேல் ஜயண்ட்ஸ் தலையில் ஏற்றிவிட்டார்களே, அந்தப் பணம் அணிக்குத் திரும்பி வந்தால்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம்.

ஏன் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் தெரியுமா? சேர்த்துத் திட்டினால் அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். "டெவர்ஸுக்கு 31 கோடி கொடுத்தோமே, நாங்கள் கஞ்சர்களா?" என்று கேட்டுப் பெட்ஸை மறக்கடிப்பார்கள். "நட்சத்திரம் போனால் என்ன, 89 ஜெயித்தோமே" என்று சொல்லி டெவர்ஸை மறக்கடிப்பார்கள். ஒன்றில் கையை இறுக்கினார்கள், இன்னொன்றில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. ப்ளூமுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த டோம்ப்ரோவ்ஸ்கி போனார், ப்ளூம் போனார், பிரெஸ்லோ வந்திருக்கிறார். உரிமையாளராக 2002-லிருந்து மாறாமல் இருப்பவர் ஜான் ஹென்றி. வாக்கு யார் வாயால் வந்திருந்தாலும் அது அவருடைய அணியின் வாக்கு.

இப்போது பிரெக்மனும் ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டான். எவனுக்காக டெவர்ஸின் க்ளவுஸைப் பிடுங்கினார்களோ, அவனும் ஒரே வருடத்தில் போய்விட்டால் மூன்றாம் பேஸில் யார் நிற்பது? இளம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன் அவன்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனுக்கு வயது 31. நான் ஐந்து வருடம் கொடுக்கலாம் என்கிறேன். அப்பா மூன்றுக்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது என்கிறார், இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சுதான். நீ அணியை விடுகிறாயோ இல்லையோ, இதற்கு உன் கணக்கு என்ன என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் இன்னும் நல்லது, அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா