கட்டம் விழுவது மையின் குற்றமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை கடைகளில் விற்கும் துணிப்பைகளில் வண்ணப்படங்கள் கட்டம் கட்டமாகவும் அலை அலையாகவும் தெரிகின்றன, உள்ளூர் அச்சின் தரமே இவ்வளவுதானா என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் மட்டமான மையும் துணியும்தான் காரணம் என்று அவர் முடிவுகட்டியதை ஏற்பதற்கில்லை. பெரும்பாலும் தவறு அச்சுக்கான ஃபிலிம் எடுக்கும்போதே, ஹாஃப்டோன் புள்ளிகளின் (படத்தை உருவாக்கும் பொடிப்புள்ளிகளின்) கோணத்தில் நடந்துவிடுகிறது.

ஒரு போட்டோவை அச்சிட அதை சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ரோஸ்), மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புள்ளி வரிசையாக்குகிறோம். பிளேட் கொண்டு காகிதத்தில் அடிக்கும் ஆஃப்செட்டில் வழக்கமான கோணங்கள் சயானுக்கு 15 டிகிரி, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0, கறுப்புக்கு 45. அழுத்தமான மூன்று நிறங்களுக்கு நடுவே 30 டிகிரி விலகல் வேண்டும். புள்ளி வரிசை 90 டிகிரி திரும்பியதும் பழைய நிலைக்கே வந்துவிடுவதால், மூன்று நிறங்களோடு இடம் தீர்ந்துபோகிறது. நாலாவதான மஞ்சளை 15 டிகிரி இடுக்கில் செருக வேண்டியதுதான். 45 லைனில் (அங்குலத்துக்கு 45 புள்ளி வரிசை) இரண்டு நிறங்கள் 30 டிகிரி விலகி நின்றால், வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து விழும் அலையின் அகலம் சுமார் 1 மில்லிமீட்டர்; 15 டிகிரி என்றால் 2 மில்லிமீட்டர்; 5 டிகிரிதான் என்றால் ஆறரை மில்லிமீட்டர். ஆறரை மில்லிமீட்டர் அலை எட்ட நின்று பார்ப்பவருக்கும் தெரியும். மஞ்சளின் 2 மில்லிமீட்டர் அலை தெரியாமல் போவதற்கு அந்த நிறத்தின் வெளிர்ப்புதான் காரணம்.

சிவகாசியின் ஆஃப்செட் எந்திரத்துக்கு இந்தக் கணக்கு போதும், ஏனென்றால் அங்கே பிளேட்டில் இழை கிடையாது. துணிப்பை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில், ஃப்ரேமில் இழுத்து ஒட்டிய மெஷ் (நெய்த வலை) வழியாக மை இறங்குகிறது. மெஷ்ஷின் இழைகள் 0, 90 டிகிரிகளில் ஓடுகின்றன; அதன் கண்கள் மூலைவாட்டில் 45 டிகிரியில் வரிசை கட்டுகின்றன. அதாவது மெஷ் தானே ஐந்தாவது புள்ளி வரிசை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு மெல்லத் திருப்பினால் தெரியும் அலைதான் இங்கேயும் விழுகிறது. ஆஃப்செட் கோணத்தில் எடுத்த ஃபிலிமை அப்படியே ஃப்ரேமில் ஏற்றினால், 0-வில் நிற்கும் மஞ்சளும் 45-இல் நிற்கும் கறுப்பும் நேராக மெஷ்ஷின் மேல் மோதும். வாழையிலைப் பச்சையில் கோடு கோடாக விழுவது மஞ்சளால். தேக்குத் தூணின் நிழலில் கட்டம் விழுவது கறுப்பால்.

மாற்று எளிது. நான்கையும் சேர்த்து 7.5 டிகிரி திருப்பிவிட வேண்டும்: சயான் 22.5, மெஜந்தா 82.5, மஞ்சள் 7.5, கறுப்பு 52.5. நிறங்களுக்கிடையே உள்ள 30-உம் 15-உம் மாறாது. எந்த நிறமும் மெஷ்ஷின் 0, 45, 90 மேல் உட்காராது. இதிலும் 22.5-தான் மெஷ்ஷுக்கு மிகத் தள்ளி நிற்கும் கோணம். அதைப் படத்தில் ஆதிக்கம் செலுத்தும் நிறத்துக்குக் கொடுப்பது நல்லது. முகம் பெரிதாக வரும் படத்தில் மெஜந்தாவுக்கு, வானமும் ஊருணித் தண்ணீரும் நிறைந்த படத்தில் சயானுக்கு. மற்ற இரண்டையும் 52.5, 82.5-இல் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் மட்டும் 7.5-ஐ விட்டு நகரக் கூடாது.

கோணம் சரியாக இருந்தும் மெஷ் எண் பொருந்தாமல் கெட்ட வேலைகள் ஏராளம். லைனைப் போல் நாலரை முதல் ஐந்து மடங்கு இழை வேண்டும். 45 லைனுக்கு அங்குலத்துக்கு 225 இழை, அதாவது சென்டிமீட்டருக்கு 90. 55 லைனுக்கு சென்டிமீட்டருக்கு 100, 110. கடையில் '120' என்று மட்டும் கேட்டு வாங்குபவர்கள் அது அங்குலக் கணக்கா சென்டிமீட்டர் கணக்கா என்று கேட்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை மடங்கு! நான்கு ஃப்ரேமிலும் ஒரே மெஷ், ஒரே இழுவை, சென்டிமீட்டருக்கு 20 முதல் 25 நியூட்டன். மெஷ்ஷைக் கோணலாக ஒட்டிய ஃப்ரேமில் எந்தக் கோணக் கணக்கும் பலிக்காது. வெள்ளை மெஷ்ஷைவிட மஞ்சள் சாயமிட்ட மெஷ் மேல். வெள்ளை இழை, ஃபிலிமிலுள்ள படத்தை மெஷ்ஷில் பதிக்கும் எக்ஸ்போஸ் ஒளியைச் சிதறடித்துப் பொடிப்புள்ளிகளை அடைத்துவிடும்.

மெஷ்ஷில் எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) பூசுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். இழுத்து ஒட்டிய மெஷ்ஷை விளக்கு மேசையில் வைத்து, ஃபிலிமை அதன்மேல் பரப்பி மெல்லத் திருப்புங்கள். அலை பெரிதாகும், சிறிதாகும், ஓரிடத்தில் மறையும். ஃபிலிம் நேராக இருக்கும்போது அலை தெரிந்தால், அதை எக்ஸ்போஸ் செய்வது வீண். இந்தச் சோதனைக்கு எமல்ஷனும் செலவில்லை, மையும் செலவில்லை.

டிடிபி ஆபரேட்டர்களுக்கு: போட்டோஷாப்பில் நான்கு சேனல்களையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் பிட்மேப்பாக்கும்போது லைன், கோணம், புள்ளி வடிவம் மூன்றையும் கையால் கொடுக்க வேண்டும். ரெசல்யூஷன் பிரிண்டருடையதாகவே இருக்கட்டும். அதன்பின் அளவை 100 சதவீதத்திலிருந்து மாற்றினால் புள்ளிகள் சிதைந்து புதிய கோடுகள் முளைக்கும். வடிவம் நீள்வட்டமாக இருப்பது நல்லது. சதுரப் புள்ளிகள் 50 சதவீதத்தில் நான்கு மூலையும் ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதால் கன்னத்தில் திட்டு விழும். துணியில் 50 சதவீதப் புள்ளி 65, 70 ஆகப் பரவும் என்பதால் படத்தை முன்கூட்டியே வெளுக்கச் செய்ய வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழான புள்ளி இழையில் மறைந்துபோகும்.

படமே அலையைக் கொண்டுவருவதும் உண்டு. கண்டாங்கிச் சேலையின் நெருக்கமான கட்டங்கள் புள்ளி வரிசையோடு மோதும். எந்தக் கோணத்திலும் முழுதாகத் தப்பாது, அந்தப் பகுதியை லேசாக மங்கலாக்க வேண்டும். காலண்டரில் வந்த ஆத்தங்குடித் தளத்தின் படத்தை ஸ்கேன் செய்து கொடுப்பவர்கள், அதிலுள்ள பழைய புள்ளிகளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். முதலில் அவற்றை நீக்கியாக வேண்டும்.

மஞ்சப்பை தனிக்கதை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின், அதன்மேல் நான்கு வண்ணப் படம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நான்கு வண்ண மைகள் ஊடுருவித் தெரிபவை. மஞ்சள் துணியில் சயான் பச்சையாகிவிடும். அடியில் வெள்ளை போட்டால் செலவும் விறைப்பும் கூடும். எங்கள் கருத்து: இரண்டு மூன்று அடர் நிறங்களில், மறைக்கும் தன்மையுள்ள மையில், எல்லாவற்றையும் 22.5 டிகிரியிலேயே, 30, 35 லைனில் அடிப்பதுதான் அந்தத் துணிக்கு ஏற்றது. ஒரே கோணம் என்பதால் நிறங்களுக்குள் அலை விழாது. ஆனால் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) நகர்ந்தால் நிறம் உடனே மாறும். பையின் முரட்டு நெசவும் ஒரு வலைதான் என்பதால், இதற்குமேல் லைனைக் கூட்டிப் பயனில்லை.

ஃபிலிம் எடுத்துத் தரும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் எடுக்கும்போதே ஆஃப்செட்டுக்கா ஸ்கிரீனுக்கா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் நிறத்தின் பெயரோடு கோணத்தையும் லைனையும் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில் செய்வோர் சிலர்,
காரைக்குடி.