பீப் சத்தத்தை நிறுத்தியது நான்தான்

அம்பாசமுத்திரம்
12-01-2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

நம் வீட்டில் வைக்கப்போகிற சர்வர் கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய பிளானைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அம்மா அதன் மேலேயே பொங்கல் சாமான் கணக்கை எழுதிவிட்டாள். சேமிப்பு மென்பொருளுக்கு நீ போட்ட 'ட்ரூநாஸ்' என்ற கட்டத்துக்குள் இப்போது 'மஞ்சள் குலை 2, கரும்பு 1 கட்டு' என்று இருக்கிறது. மற்றபடி பிளான் தெளிவுதான். ஒரே பெட்டி, அடியில் ஒரே பெட்டியில் பல கம்ப்யூட்டரை ஓட்டுகிற பிராக்ஸ்மாக்ஸ், அதன் மேல் சேமிப்புக்கு ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்), படம் பார்க்க ஒன்று, கேமரா பதிவுக்கு ஒன்று, ரூட்டரும் அதற்குள்ளேயே ஒன்று. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்பாய், அப்புறம் உன் இஷ்டப்படி செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அக்டோபரில் கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்களே, அப்போது கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை, பதிவுப் பெட்டியான டிவிஆர் பழுது என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் மே மாதமே போய்விட்டது. போன அன்றே அந்தப் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. ராத்திரி முழுக்கக் கத்தியது. உன் அம்மா இன்வர்ட்டர்தான் கத்துகிறது என்று அதன் மேல் துண்டை மூடினாள். மறுநாள் நான் மெனுவுக்குள் போய், 'பஸ்ஸர்' என்று இருந்ததை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். திரையில் நான்கு கேமராவும் நேரடியாகத் தெரிந்துகொண்டிருந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். ஐந்து மாதம்! போலீஸ்காரர் வந்து தேதியைப் போட்டுத் தேடியபோதுதான், கடைசிப் பதிவு மே 23 என்று காட்டியது.

34 வருடம் டெலிபோன் எக்சேஞ்சில் அலாரம் பேனலைப் பார்த்தே வாழ்ந்தவன் செய்கிற வேலையா இது? அங்கே சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன் உண்டு. ஆனால் சத்தம்தான் நிற்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழுதைச் சரிசெய்தால்தான் அது அணையும். வீட்டுக்குச் செய்கிற பொருளில் அந்த விளக்கை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே என் முதல் நிபந்தனை: இந்தப் பெட்டி கெட்டால் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். நன்றாக இருந்தால் அனுப்பட்டும். தினமும் காலை 7 மணிக்கு, 'நேற்று நான்கு கேமராவும் பதிவாகின, டிஸ்க்குகள் நலம்' என்று என் போனுக்கு ஒரு வரி வர வேண்டும். வராத அன்று நான் ஏணியை எடுக்கிறேன். செத்துப்போன பெட்டி தான் செத்ததை எப்படிச் சொல்லும்?

அடுத்தது ரூட்டர். அதைப் பெட்டிக்குள் வைக்காதே. ஒரு விஎம்-மை அப்டேட் செய்துவிட்டுப் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தாய், அது எழவில்லை என்று வை. நீ டப்ளினில் இருக்கிறாய், இங்கே இன்டர்நெட்டே இல்லை. உன்னால் உள்ளே வரவும் முடியாது, என்னால் உன்னிடம் காட்டவும் முடியாது. ஃபைபர்காரன் கொடுத்த ரூட்டர் சுவரில் தொங்குகிறபடியே தொங்கட்டும். நமக்குப் பொது ஐபி கிடையாது என்பதால் வெளியிலிருந்து வர, பூட்டிய தனி வழியான டெயில்ஸ்கேல் போடலாம் என்று நீ சொன்னது சரி. ரூட்டரில் எந்தக் கதவையும் திறக்காதே. கேமராக்களுக்கு இன்டர்நெட்டும் கொடுக்காதே.

சேமிப்புக்கு நீ போட்டிருப்பது தனி விஎம், அதற்கு டிஸ்க்குகளை இணைக்கிற ஒரு எச்பிஏ கார்டு, அந்தக் கார்டை அப்படியே விஎம்-முக்குத் தாரைவார்ப்பது. முறையாகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். டிஸ்க்கை நேராகப் பார்க்காமல் நடுவில் ஒரு பொய் டிஸ்க்கை வைத்து, எழுதியதைச் சரிபார்த்துக் காக்கிற இசட்எஃப்எஸ் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்கு எழுதுவது மாதிரி. ஆனால் நமக்கு இருப்பதே இரண்டு டிஸ்க். பிராக்ஸ்மாக்ஸுக்கே இசட்எஃப்எஸ் தெரியும். அதிலேயே இரண்டையும், இரண்டிலும் ஒன்றையே எழுதுகிற மிர்ரராகக் கட்டிவிட்டு, ஃபோல்டரைப் பகிர, விஎம்-மைவிட இலேசான ஒரு சின்ன கன்டெய்னரில் சாம்பா போட்டால் போதுமே. ஒரு அடுக்கு குறையும், நினைவகம் மிஞ்சும். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. மாடியில் கிடந்த உன் காலேஜ் கம்ப்யூட்டரில் 500 ஜிபி டிஸ்க் இரண்டைப் போட்டு, டிசம்பர் முழுக்க இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். விஎம் முறையில் ஒரு நாள் விடியற்காலை கரண்ட் போய் வந்தது. பெட்டி எழுந்ததும் படம் காட்டுகிற ஜெல்லிஃபின் முந்திக்கொண்டது. சேமிப்பு விஎம் அதற்கப்புறம்தான் எழுந்தது. உன் அம்மா டிவியைப் போட்டால் லைப்ரரி காலி! எல்லாப் படத்தையும் அழித்துவிட்டீர்களா என்று என்னிடம் சண்டை. யார் முதலில் எழ வேண்டும், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று வரிசை கொடுக்கலாம், கொடுத்தேன். ஆனால் தேவையில்லாத வரிசையை ஏன் உண்டாக்க வேண்டும்?

இன்னொரு சோதனையும் செய்தேன், சொன்னால் திட்டுவாய். அம்மா அந்தப் பெட்டியிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூடியைத் திறந்து ஒரு டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிட்டேன். படம் ஒரு மூச்சு நின்றது, அப்புறம் ஓடியது. அவளுக்குத் தெரியவே தெரியாது. திரையில் மட்டும் 'டிகிரேடட்' என்று வந்தது. அரை மணி கழித்துத் திரும்பச் செருகினேன். முழு டிஸ்க்கையும் எழுதாமல், இடையில் மாறியதை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொண்டது. எங்கள் சி-டாட் எக்சேஞ்சிலும் பிராசஸர் இரட்டைதான், ஒன்று வேலை செய்யும், மற்றது தயாராக நிற்கும். ஒன்று போனாலும் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் மிர்ரர் என்பது பிரதி இல்லை, இதை மறக்காதே. நான் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். அதற்கு அன்றைய நிலையை அப்படியே பிடித்துவைக்கிற ஸ்னாப்ஷாட் இருக்கிறது. தினம் ஒன்று எடுத்து ஒரு மாதம் வைத்திரு. வீட்டுக்கே ஆபத்து என்றால்? 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாள் மழையில் தாமிரபரணி என்ன செய்தது என்று நீயும்தான் பார்த்தாய். இரண்டாவது பிரதியைப் பாளையங்கோட்டை அத்தை வீட்டில் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் அதே ஆறு தானம்மா. கோவில்பட்டி சித்தி வீட்டில் வை, கரிசல் காடு, தண்ணீர் பயம் இல்லை. முதல் தடவை டிஸ்க்கை இங்கேயே நிரப்பி பஸ்ஸில் நான் கொண்டுபோகிறேன். அப்புறம் ராத்திரிதோறும் மாறியது மட்டும் போகட்டும். படங்களுக்கு இந்தப் பிரதி வேண்டாம், அவை போனால் திரும்பக் கிடைக்கும். தாத்தாவின் போட்டோக்கள், கேசட்டிலிருந்து மாற்றிய உன் அத்தை கல்யாணம், பத்திரங்களின் ஸ்கேன், இவ்வளவுதான். எல்லாம் சேர்த்து 400 ஜிபிகூட வராது.

கேமரா பதிவுக்கு வருகிறேன். அதை இந்த மிர்ரருக்குள் கொட்டாதே. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் என்று வை. ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173. ஒரு மாதம் வைக்க வேண்டுமென்றால் 5 டெராபைட்டுக்கு மேல். இருபத்து நான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கிற வேலை அது. தாத்தா போட்டோ இருக்கிற டிஸ்க் ஏன் அந்த உழைப்பை உழைக்க வேண்டும்? கண்காணிப்புக்கென்றே விற்கிற 4 டெராபைட் டிஸ்க் ஒன்று தனியாகப் போடு. 23 நாள் தாங்கும், நமக்கு 20 நாள் போதும். அதற்கு மிர்ரரும் வேண்டாம். போனால் போகட்டும், காலை 7 மணிச் செய்திதான் இருக்கிறதே.

கிராஃபிக்ஸை யாருக்குக் கொடுப்பது என்று கேள்விக்குறி போட்டிருந்தாய். இன்டெல் பிராசஸருக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. அதை ஒரு விஎம்-முக்கு முழுசாகக் கொடுத்தால் மற்றது பட்டினி. ஜெல்லிஃபின், கேமராவைப் பதிவுசெய்கிற ஃப்ரிகேட் இரண்டையும் கன்டெய்னரில் வைத்தால் பகிர்ந்துகொள்ளும். ஹால் டிவிக்கு எப்படியும் ஃபைல் அப்படியே போகும், மாற்ற வேண்டியதில்லை. நீ அங்கே ரயிலில் உட்கார்ந்து போனில் பார்க்கும்போதுதான் படத்தைச் சின்னதாக மாற்ற கிராஃபிக்ஸுக்கு வேலை. ஃப்ரிகேட்டில் ஆள், நாய், வண்டி என்று பிரித்துச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய டிவிஆர் தென்னை மட்டை ஆடினாலே அலறும்.

இப்போது மின்னல். இதை நீ பிளானில் போடவே இல்லை, படித்தவர்கள் யாரும் போடுவதில்லை. கேட்டுக் கம்பத்திலிருந்து கேமராவுக்கு வருகிற கேபிள் செம்பு. ஐப்பசி இடி பக்கத்தில் எங்காவது விழுந்தால் அந்தச் செம்பு வழியாக நேராகப் பெட்டிக்குள் வரும். எக்சேஞ்சில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் எம்டிஎஃப் என்ற இணைப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குழல் இருக்கும். இடி விழுந்த மறுநாள் அதில் கருகியதைப் பொறுக்குவதே பாதி வேலை. இங்கே நான் நினைப்பது இது: கேமராக்களுக்கு மட்டும் கேபிளிலேயே கரண்டும் தருகிற ஒரு தனி பிஓஇ ஸ்விட்ச் மாடிப்படிக்கு வெளியே. அதிலிருந்து பெட்டி இருக்கிற ஸ்விட்சுக்கு இரண்டு கன்வெர்ட்டர் வைத்து, நடுவில் மூன்று மீட்டர் கண்ணாடி இழை ஃபைபர். கண்ணாடி வழியாக மின்னல் போகாது. அந்த ஸ்விட்சுக்கு வருகிற கரண்ட் லைனில் ஒரு சர்ஜ் தடுப்பு. போனால் ஸ்விட்சோடு போகட்டும்.

கரண்ட். பெட்டி 60 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். பரவாயில்லை, கோடையில் ஏசி ஓடும்போது 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்வர்ட்டர் இருக்கிறதே, தனி யூபிஎஸ் எதற்கு என்று கேட்டாய். இன்வர்ட்டருக்குப் பேசத் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதன் பின்னால் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டால், இன்வர்ட்டர் நிற்கிற வரை அதற்குக் கரண்ட் இருப்பதாகவே நினைப்பு. நின்றதும் யூஎஸ்பி வழியாகப் பெட்டிக்குச் சொல்லும், பத்து நிமிடத்தில் எல்லாம் முறையாக அணைந்துவிடும். நம்முடையது சைன் வேவ் இன்வர்ட்டர், யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறது, பார்த்துவிட்டேன்.

இடம் மாடிப்படிக்கு அடியில், தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் ஸ்டாண்ட் அடித்து. காற்றோட்டத்துக்குப் பின்னால் வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் காலேஜ் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது.

பாஸ்வேர்டுகளையும், பெட்டி எழாவிட்டால் நான் செய்ய வேண்டியதையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் எழுதி அனுப்பு. பத்திரத்தோடு பீரோவில் வைக்கிறேன்.

கடைசியாக அந்த ஐந்தாவது கேமரா. ஹாலில், ஊஞ்சலுக்கு எதிரே என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாய். எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. போன வருடம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததை உனக்கு நான்கு நாள் கழித்துத்தான் சொன்னோம், அந்தக் கோபம். எனக்கு வீட்டுக்குள் கேமரா வேண்டாம். அம்மாவிடம் கேட்டேன். 'அவ பாக்கணும்னா பாத்துட்டுப் போறா, உங்களுக்கு என்ன, மேல சட்டையைப் போட்டுக்கோங்க' என்கிறாள். ஆக வீட்டில் ஓட்டு ஒன்றுக்கு ஒன்று.

தினமும் காலையில் அம்மா உனக்குப் பூப் படம் போட்டுக் குட்மார்னிங் அனுப்புகிறாளே, அது வராத அன்று எட்டு மணிக்குள் நீ கூப்பிட்டுவிடுகிறாய். வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போய்விட்டு மறந்ததற்கே மூன்று தடவை கூப்பிட்டாய். எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. விழுந்தால் அன்றே சொல்லுகிறேன், இது என் வாக்கு. அப்படியும் வேண்டும் என்றால் சொல், கேபிள் மட்டும் இழுத்து வைக்கிறேன், கேமராவை நீ ஊருக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

மிர்ரருக்கு இரண்டு 4 டெராபைட்டா, 8 டெராபைட்டா என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிடு. எதுவானாலும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுதுகிற எஸ்எம்ஆர் வகை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கடையில் வாங்கப் போவதில்லை, ஒரே பெட்டியில் வந்த டிஸ்க்குகள் ஒரே வாரத்தில் படுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சனிக்கிழமை திருநெல்வேலியில் வாங்குகிறேன், மற்றதை உன் சித்தப்பா சென்னை ரிச்சி தெருவில் வாங்கி அனுப்புவான்.

அன்புடன்,
அப்பா

கரும்பு வந்துவிட்டது. உன் பங்கை அம்மா வெட்டாமல் வைத்திருக்கிறாள், ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.