மகளின் போஸ்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் தவழத் தொடங்கிவிட்டான்.

உன் மகள் மாநாட்டில் வைக்கப்போகும் ஆய்வு போஸ்டரை அனுப்பியிருந்தாள், நிதானமாகப் பார்த்தேன். கடலோரக் கிணறுகளுக்கு எவ்வளவு அலைந்திருக்கிறாள்! அந்த உழைப்பு தாளெங்கும் தெரிகிறது. கண்டறிந்தது என்ன என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ‘கடலோரக் கிணறுகளில் உவர்நீர் ஊடுருவல்: ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. முடிவோ வலது பக்க அடி மூலையில் பொடி எழுத்தில் கிடக்கிறது: வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் பாதிக் கிணறுகளில் உப்பு குறையவில்லை. இதுவல்லவா தலைப்பு! மாநாட்டுக் கூடத்தில் போஸ்டர்கள் வரிசையாக நிற்கும். கையில் தேநீரோடு கடந்து போகிறவரை இந்த ஒரு வரி நிறுத்திவிடும். மீதியை அவள் வாயால் சொல்லட்டும். அதற்காகத்தானே பக்கத்தில் நிற்கிறாள்?

2019இல் மைக் மோரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் இதை வலியுறுத்தி ஒரு காணொளி வெளியிட்டார். முடிவு நடுவில் பெரிய எழுத்தில், விவரங்கள் ஓரங்களில், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறியீடு. நல்ல யோசனைதான். ஆனால் நடுப்பகுதி முழுவதையும் ஒரு வாக்கியத்துக்கே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவளிடம் அருமையான வரைபடம் இருக்கிறது. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டாக்கி அருகருகே பெரிதாக வைக்கட்டும். சிவப்பும் பச்சையும் வேண்டாம். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நிறையப் பேர் உண்டு. நீலமும் ஆரஞ்சும் போதும். அந்த நீண்ட அட்டவணையைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

எழுத்தின் அளவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. போஸ்டருக்கான ஏ0 தாள் 841க்கு 1189 மில்லிமீட்டர். நீளத்திலும் அகலத்திலும் ஏ4 தாளைப்போல் நான்கு மடங்கு. போஸ்டரை ஏ4 தாளில் சுருக்கி அச்சிட்டுக் கையில் பிடித்துப் படிக்கச் சொல். 24 புள்ளி (பாயிண்ட்) எழுத்து அதில் 6 புள்ளியாகிவிடும். அதற்கும் சிறியது எதுவும் வேண்டாம். தாள் நெடுக்காகவா கிடையாகவா என்பதை மாநாட்டு அறிவிப்பில் முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

அச்சுக் கடைக்குக் கொடுக்கும்போது எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாகவே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் உடைந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மங்கிப்போகும், பென் டிரைவ்தான் நல்லது. திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் அச்சில் மங்கலாக வரலாம். ஒரு துண்டை மட்டும் முன்னதாக அச்சிட்டுப் பார்க்கட்டும்.

திருத்தியதும் எனக்கு அனுப்பச் சொல். உப்பு குறையாத கிணறுகளுக்கு அருகில் இறால் பண்ணைகள் இருக்கின்றனவா என்றும் அவளிடம் கேள். வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து அதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாநாட்டுக்கு வருகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்