1967, 68, 69-ஆம் ஆண்டுப் படங்களின் நெகட்டிவ்கள்: காப்பகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பொறுப்பாளர்கள், புனே.
தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறைச் செயலாளர் அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

1967-இல் வெளியான இந்தியத் திரைப்படங்கள் அனைத்தின் பதிப்புரிமையும் 2027 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவுக்கு வருகிறது. 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கு அதற்கடுத்த ஆண்டும், 1969-ஆம் ஆண்டுப் படங்களுக்கு அதற்கும் அடுத்த ஆண்டும் இதே நிலை வரும். படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என்பது சட்டம் வகுத்திருக்கும் கணக்கு. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்களுடைய ஆயுளையும் அதன்பின் 60 ஆண்டுகளையும் தழுவியது என்பதால் அது தனியே தொடரும். படத்தின் மீது தயாரிப்பாளருக்கு உள்ள உரிமைதான் முடிகிறது. படம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும், யாரும் திரையிடலாம் என்று இதைப் பலர் நல்ல செய்தியாகவே சொல்கிறார்கள். எனக்கு இது கவலை தரும் செய்தி. சட்டம் பொதுவாக்குவது உரிமையைத்தான். படம் முதலில் பதிவான மூலச் சுருளான நெகட்டிவோ எங்கோ ஓர் அறையில், தகர டப்பாக்களுக்குள், யாரோ ஒருவர் வாடகையும் மின்கட்டணமும் செலுத்திக் காத்துவரும் பொருள். தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை என்று அதிலிருந்து ஏதோ வருமானம் வரும்வரை அவருக்கு அதைக் காப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. அந்த வருமானம் நின்ற பிறகு அந்த டப்பாக்கள் அவருக்கு வெறும் இடப்பிரச்சினை.

மூன்று ஆண்டுகளை மட்டும் நான் பிரித்தெடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தேசியத் திரைப்பட விருதுகளில் நடிகர், நடிகை, இயக்குநர், இசையமைப்பாளர் என்று கலைஞர்களுக்குத் தனித்தனியே பரிசளிக்கும் முறை 1967-ஆம் ஆண்டுப் படங்களோடுதான் தொடங்கியது. இசையமைப்புக்கான அந்த முதல் விருதைப் பெற்றவர் கே. வி. மகாதேவன், படம் ஏ. பி. நாகராஜனின் 'கந்தன் கருணை'. மறு ஆண்டு பின்னணிப் பாடகிக்கென்று ஒரு விருது தோன்றியபோது, 'உயர்ந்த மனிதன்' படத்தில் வாலி எழுதி எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த பாட்டுக்காக அதை முதன்முதலில் பெற்றவர் பி. சுசீலா. அதே ஆண்டில் பாடலாசிரியருக்கான முதல் விருது 'குழந்தைக்காக' படத்துக்காகக் கண்ணதாசனுக்குக் கிடைத்தது. ஆண் பாடகருக்கான முதல் விருது மட்டும் இந்திக்கு, மகேந்திர கபூருக்குப் போனது. ஆக, இந்தியத் திரையிசைக்கு இந்த நாடு அளித்த முதல் நான்கு தனிவிருதுகளில் மூன்று சென்னையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுக்கு வந்தவை. தமிழ்நாடு அரசு தன் சொந்தத் திரைப்பட விருதுகளைத் தொடங்கியதும் 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். 1969-இல் 'அடிமைப்பெண்' எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தது. 'சாந்தி நிலைய'த்துக்காக மார்கஸ் பார்ட்லி வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார். விருதுப் பட்டியல்கள் அரசின் கோப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. விருது பெற்ற பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் இதுவரை மக்களுக்குச் சொல்லவில்லை.

அந்தக் காலத்துப் படச்சுருளின் அடிப்படைப் பொருள் அசிட்டேட். 21 பாகை செல்சியசு வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்தால்கூட ஏறக்குறைய 40 ஆண்டுகளில் அது சிதையத் தொடங்கிவிடும் என்பது காப்பியல் வல்லுநர்களின் கணக்கு. சென்னையின் வெப்பத்தையும் ஈரத்தையும் நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிதைவு தொடங்கியதற்கு அடையாளமாக டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி நெடி அடிக்கும். சுருள் சுருங்கி நெளியும். வெளிப்படும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஸ்கேனரில் ஏற்றக்கூட முடியாது. வண்ணப் படங்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில், அதாவது திரையிடுவதற்கான படச்சுருள் நகலில், நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது செம்மை. பத்மினியின் பச்சைப் பட்டு, கோயில் மதில், ஆற்றங்கரை என எல்லாமே செங்கல் நிறமாகத் தெரியும் பிரிண்டுகளைத் திரைப்படச் சங்கங்களின் காட்சிகளில் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாய வெளிறல் இல்லை. ஆனால் அவற்றில் வெள்ளி இருந்தது. ஓடி முடிந்த பிரிண்டுகளை வெள்ளிக்காகக் கழுவி விற்றது இந்தியா முழுவதும் நடந்த வியாபாரம்.

இந்தத் தொழிலின் நடைமுறையும் நெகட்டிவ்களுக்குச் சாதகமாக இருந்ததில்லை. படம் முடிந்ததும் நெகட்டிவ், சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேபிலேயே தங்கும். தயாரிப்பாளர் வைத்த பாக்கிக்கு அதுவே ஈடு. நெகட்டிவ் உரிமை பைனான்சியரிடம் போகும், அவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். பல சமயம் பத்திரம்தான் கைமாறுமே தவிர டப்பாக்களை யாரும் எடுத்துச் செல்ல மாட்டார்கள். 2010-களில் டிஜிட்டல் வந்து லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, இருக்கும் பெட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னால் எடுத்துக்கொள்ள ஆளில்லாத படங்கள் எத்தனையோ. சொந்த ஸ்டூடியோவும் இன்றுவரை தொடரும் நிர்வாகமும் உள்ள நிறுவனத்தின் படத்துக்கும், இரண்டு மூன்று படங்களோடு கடையைக் கட்டிவிட்ட தயாரிப்பாளரின் படத்துக்கும் கதி ஒன்றல்ல.

படங்கள்தான் இணையத்தில் கிடைக்கின்றனவே என்று கேட்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை வீடியோ காலத்திலும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக் காலத்திலும் ஏதோ ஒரு தேய்ந்த பிரிண்டிலிருந்து நாடாவுக்கு மாற்றப்பட்ட பிரதிகளின் பிரதிகள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். எனவே நம் அறுபதுகளின் இறுதிக்குத் தொலைக்காட்சிச் சான்று என்று ஒன்று கிடையாது. பட நெகட்டிவ், ஒலி தனியே பதிவான சவுண்ட் நெகட்டிவ், இசைத்தட்டு ஆகியவையே மூலங்கள். இசைத்தட்டும் முழுச் சான்றல்ல. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்தை ஒட்டியே கொள்ளும் என்பதால் படத்தில் உள்ள சரணம் தட்டில் இல்லாமல் போவதும், இடையிசை சுருங்குவதும் அக்காலத்தில் வழக்கம்.

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது, ஒளிப்பதிவுக்காக கே. எஸ். பிரசாதும் விருது பெற்றார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி வாயில் வைத்த நாயனத்துக்கு உண்மையில் மூச்சு கொடுத்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதில் 'நகுமோமு' ஒலிக்கும் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியில் காற்று பிடிக்கும் அந்த முதல் நொடியின் கரகரப்பு, இரண்டு நாயனங்களும் ஒரே சுரத்தில் நின்றாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நிற்பதால் எழும் அதிர்வு, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு என்னும் விரலுறை போட்ட விரல்கள் விழும் 'டக்' என்னும் கூர்மை ஆகியவை எல்லாம் ஒலியின் உயர் அதிர்வெண்களில் இருப்பவை. சுருளில் ஒளியால் பதிவான பழைய ஆப்டிகல் ஒலித்தடத்தின் இரைச்சலும் அங்கேதான் இருக்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை முடுக்கிவிட்டால், சீறல் போகும்போது சீவாளியும் சேர்ந்து போகும். மிஞ்சுவது மழுங்கிய ஒரு குழலோசை. சவுண்ட் நெகட்டிவிலிருந்து நேரடியாக, எந்தத் திருத்தமும் இல்லாமல் எடுத்த ஒரு நகல் காப்பகத்தில் இருந்தால், இன்று தவறாகச் சுத்தம் செய்தாலும் நாளை வேறொருவர் சரியாகச் செய்துகொள்வார்.

2012-இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு வந்து அரங்குகளை நிறைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு தனியார் முயற்சியில் பல பழைய படங்கள் மறுவெளியீடு கண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் போட்ட பணம் திரையரங்கில் திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் சதுரத்தை ஒட்டிய சட்டகத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்குவது, ஒற்றைத்தட ஒலியைப் பிரித்து ஐந்தாறு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிடுவது, போதாததற்குப் புது ஓசைகளைச் சேர்ப்பது ஆகியவை மறுவெளியீட்டுக்கான உத்திகள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அவை பொருந்தா. நாட்டியக் காட்சியில் ஆடுபவரின் பாதத்தை வெட்டிவிட்டுப் படத்தைப் புதுப்பித்ததாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, உங்கள் இரு தரப்பிடமும் சில கேள்விகள். தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்துக்குச் சுமார் 597 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் கீழ் ஏறக்குறைய 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது. அந்தப் பட்டியலில் நான் மேலே சொன்ன படங்கள் இருக்கின்றனவா? இருந்தால், வேலை மூல நெகட்டிவிலிருந்து நடக்கிறதா, பிரிண்டிலிருந்தா? புனே காப்பகம் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் திருவனந்தபுரத்திலும் வட்டார அலுவலகம் வைத்தது. நாட்டிலேயே மிக அதிகமாகப் படமெடுத்த ஊர்களில் ஒன்றான சென்னையை ஏன் விட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாநில அரசைப் பொறுத்தவரை, தரமணியில் உங்களுக்குச் சொந்தமாகத் திரைப்படப் பயிற்சி நிறுவனமும் நிலமும் இருக்கின்றன. குளிரும் வறட்சியும் சீராக இருக்கும் ஒரு சேமிப்பறையை அங்கே அமைப்பது, இத்துறைக்காக அரசு நடத்தும் எத்தனையோ விழாக்களோடு ஒப்பிட்டால் பெரிய செலவன்று.

நான் வேண்டுவது இதுதான். 1967 முதல் 1969 வரை தணிக்கை பெற்ற தமிழ்ப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் பட நெகட்டிவ், சவுண்ட் நெகட்டிவ், நல்ல பிரிண்ட் ஆகியவற்றில் எது எங்கே, எந்த நிலையில் உள்ளது என்ற பட்டியலை 2026-ஆம் ஆண்டு முடிவதற்குள் வெளியிடுங்கள். காப்பகத்தில் இல்லாதவற்றுக்கு, உரிமையாளர்களிடம் உரிமையைக் கேட்காமல் பொருளை மட்டும் வைப்பாகப் பெறுங்கள். எடுத்துச் செல்லும் செலவும் காக்கும் செலவும் அரசுடையது, ஸ்கேன் செய்த நகலில் ஒன்று உரிமையாளருக்கு இலவசம் என்று ஒப்பந்தம் போட்டால் மறுப்பவர் அரிது. உரிமை இன்னும் கையில் இருக்கும்போதுதான் அவர்களுக்கு அந்த நகலால் பயன் உண்டு; 2028 பிறந்த பின் கேட்டால் பாதிப் பேர் பதில்கூடப் போடமாட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். அக்காலத்துப் பாட்டுகளுக்கு வாசித்த கலைஞர்களில் பெரும்பாலோரின் பெயர் திரையில் வந்ததில்லை. மகாதேவனின் வலக்கரமாக இருந்த புகழேந்தி, விஸ்வநாதனின் குழுவில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா, அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா போன்ற சிலரை ரசிகர்கள் பேசிப் பேசி நிலைநிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் பெயர் ஒலிப்பதிவுக் கூடங்களின் சம்பளப் பதிவேடுகளிலும், எஞ்சியிருக்கும் ஒருசில முதியவர்களின் நினைவிலும்தான் இருக்கக்கூடும். பட்டியல் தயாரிக்கப் போகும் ஆய்வாளர், நெகட்டிவைத் தேடிப் போகும் அதே அலுவலகங்களில் அந்தப் பதிவேடுகளையும் கேட்டு வாங்கலாம். தனிப் பயணம் வேண்டியதில்லை.

இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் தங்களிடமுள்ள 1967 முதல் 1969 வரையிலான தட்டுகளின் எண்களையும் நேர அளவையும் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டில் தட்டுக்கும் படத்துக்கும் வேறுபாடு என்பதை அவர்கள் ஒரு மாதத்தில் ஒப்பிட்டுத் தருவார்கள். யாரிடம், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
பழைய தமிழ்த் திரையிசையின் ஆர்வலன்,
சென்னை.