பாறை ஏறும் வண்டிக்கு ஜி.ஐ. குழாய் உதவாது

ஐயா,

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பழைய ஜீப் ஆக்சில், கியர்பாக்ஸ் தேடி வாங்கிப் பாறை ஏறும் பக்கி (திறந்த சிறு வண்டி) கட்டுகிற நம் இளைஞர்கள் பணத்தை மிச்சம் பிடிப்பது, வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டில்தான்; அதற்கு ஜி.ஐ. குழாயைப் போட்டுவிடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்; அதில் வெல்டிங் வைத்தால் மேல்பூச்சுத் துத்தநாகம் ஆவியாகி, வெல்டுக்குள் ஊசித்துளைகள் விழும். அந்தப் புகையும் நஞ்சு. வண்டி உருண்டால் முதலில் விடுவது அந்த மூட்டுதான். 45 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் (நீளவாக்கில் இணைப்பு இல்லாத) எஃகுக் குழாய் வாங்குங்கள். மூட்டு வாயை வளைவாக அறுத்துப் பொருத்தும்போது இடைவெளி 1 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

முழு வெல்டிங்குக்கு அவசரம் வேண்டாம். டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, டயரை மாட்டி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு சக்கரத்தை மேலே முட்டும்வரை தூக்கி, மறுபக்கத்தை முழுக்கத் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுவதும், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் வளையும் மூட்டான யூ-ஜாயின்ட் முட்டுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

எஞ்சின் பலத்தைவிட மெதுவாக ஊர்வது முக்கியம். வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர விகிதங்கள் முதல் கியரில் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் (நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) லோவில் 2.5, ஆக்சிலில் 5.38 என்றால் பெருக்கி வருவது சுமார் 54; எஞ்சின் அத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 50க்குக் கீழே போனால் அரைக் கிளட்ச்சிலேயே ஏற வேண்டிவரும், கிளட்ச் கருகிவிடும்.

தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் சோதனை ஓட்டத்துக்கென்று பக்கியைச் சாலையில் இறக்காமல் டிரெய்லரில் ஏற்றியே கொண்டு செல்லுங்கள்.

– ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு